மாட்டிக்கொண்ட கார் சீட்டை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

சாய்ந்த சீட் நிமிரவில்லை, அல்லது நிமிர்ந்த சீட் சாயவில்லை என்றால் முதலில் லிவரிலிருந்து கையை எடுங்கள். இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தால் வந்துவிடும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். வராது. உள்ளே இருக்கும் பூட்டு இரும்பு, நீங்கள் பிடித்திருக்கும் லிவர் பிளாஸ்டிக். பலம் போட்டால் எது உடையும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கடைக்கு வரும் சீட்டுகளில் பலவற்றில் முதல் கோளாறு சின்னது, இழுத்து இழுத்து உண்டாக்கிய இரண்டாவது கோளாறுதான் பெரியது.

நான் மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் ஒரு குஷன் கடையில் காடி சீட்டுகளுக்கு உறை தைக்கிறேன். உறை மாற்ற வேண்டுமென்றால் சீட்டை இறக்கி, பக்க மூடிகளைக் கழற்றி, எலும்புக்கூடு வரை போக வேண்டும். அதனால் சாய்மானப் பூட்டுகளைத் தினமும் பார்க்கிறேன். பார்த்த வரையில் நான் உறுதியாகச் சொல்வது இது: சீட் மாட்டிக்கொண்டது என்று கொண்டுவருபவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பூட்டு கெடவில்லை. பூட்டுக்கு வெளியே ஏதோ ஒன்று தடுக்கிறது, கழன்றிருக்கிறது, காய்ந்திருக்கிறது. அதை நீங்களே வீட்டு வாசலில் பார்க்கலாம். பூட்டே கெட்டிருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான் முக்கியம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். சீட்டின் உட்காரும் பகுதியும் சாய்மானமும் சேரும் இடத்தில் பல் வைத்த ஒரு இரும்புத் தகடு இருக்கிறது. அதற்கு எதிரே இன்னொரு பல் வைத்த துண்டு அதைக் கடித்துக்கொண்டு நிற்கும். லிவரை மேலே தூக்கினால் கடி விலகும், விட்டால் திரும்பக் கடிக்கும். பழைய காடிகளில் இந்தப் பற்கள் மூடியைக் கழற்றியதும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். இப்போது வருபவற்றில் உள்ளங்கை அளவு வட்டத் தட்டுக்குள் எல்லாவற்றையும் அடைத்து மூடியிருப்பார்கள். பல காடிகளில் இந்தப் பூட்டு இரண்டு பக்கமும் உண்டு. கதவுப் பக்கம் இருக்கும் லிவர், ஒரு கம்பி அல்லது கேபிள் வழியாக மறுபக்கப் பூட்டையும் சேர்த்துத் திறக்கும். கூடவே ஒரு சுருள் ஸ்பிரிங், சாய்மானத்தை எப்போதும் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். லிவரைத் தூக்கியதும் காலியான சீட் படாரென்று முன்னால் வருவது இதனால்தான். ஆகவே வேலை செய்யும்போது முகத்தைச் சாய்மானத்துக்கு முன்னால் நீட்டாதீர்கள். பிள்ளைகளைப் பின் சீட்டில் விளையாட விடாதீர்கள்.

சரி, இப்போது லிவரை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கையில் என்ன தெரிகிறது என்பதுதான் பாதி வைத்தியம்.

எந்த எதிர்ப்பும் இல்லாமல் லிவர் தொளதொளவென்று மேலே வந்தால், லிவருக்கும் பூட்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்திருக்கிறது. கேபிள் கொக்கி கழன்றிருக்கும், அல்லது லிவரின் உள் ஓட்டைப் பல் தேய்ந்து தண்டின் மேல் சும்மா சுற்றும். லிவர் அசையவே இல்லை, பாதியில் நின்றுவிடுகிறது என்றால் ஏதோ தடுக்கிறது, அல்லது துரு. லிவர் வழக்கம்போல் வருகிறது, டக்கென்ற சத்தமும் கேட்கிறது, ஆனால் சாய்மானம் நகரவில்லை என்றால் ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் திறக்கவில்லை. சாய்மானம் பின்னால் போகிறது, தானாக முன்னால் வரவில்லை, கையால் தள்ளினால் வருகிறது, நிறுத்திய இடத்தில் பூட்டும் விழுகிறது என்றால் ஸ்பிரிங் கழன்றது, அவ்வளவுதான். கடைசியாக ஒன்று: சாய்மானம் நகர்கிறது, ஆனால் எங்கேயும் பிடித்து நிற்கவில்லை. இந்தக் கடைசி வகையாக இருந்தால் மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டாம், அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பூட்டின் பற்கள் மேல் பாரம் இருந்தால் அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், லிவர் எவ்வளவு இழுத்தாலும் விலகாது. சீட்டில் யாரும் உட்கார வேண்டாம். ஒருவர் பின் சீட்டில் உட்கார்ந்து சாய்மானத்தின் தோள் பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டட்டும். நீங்கள் லிவரை நிதானமான பலத்தில் தூக்கிப் பிடித்திருங்கள். ஆட்டும்போது ஒரு நொடி பாரம் விலகும், அந்த நொடியில் பல் விலகிவிடும். எங்கள் கடைக்குப் போன் செய்து கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

அப்படியும் வரவில்லையா? டார்ச் லைட்டை எடுங்கள். சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி முன்பக்கமிருந்தும், முழுக்க முன்னால் இழுத்துப் பின்பக்கமிருந்தும் அடியில் பாருங்கள். பிறை டோல் பக்கத்தில் அவசரமாகத் தேடி நழுவவிட்ட டச் அண்ட் கோ அட்டை, 20 சென் காசு, பேனா, குழந்தையின் பொம்மைக் காடி, தலைப்பின் என்று எல்லாமே அந்தச் சந்துக்குள்தான் போய்ச் சேரும். நீளமான இடுக்கியால் எடுங்கள். விரலை விட வேண்டாம். சீட்டின் அடிச்சட்டம் வெட்டு இரும்பு, ஓரம் கத்தி மாதிரி இருக்கும். கையுறை போட்டுக்கொண்டால் நல்லது.

சீட்டுக்கு வெளியிலிருந்து வாங்கிப் போட்ட உறை இருந்தால் அதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். நம் ஊரில் புதுக் காடி வாங்கியதும் லெதர் உறை போடாதவர்கள் குறைவு. அந்த உறையின் ரப்பர் நாடாக்கள் சாய்மானத்துக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவே நுழைந்து, அடியில் ஒரு கம்பிக் கொக்கியில் மாட்டப்பட்டிருக்கும். அவசரமாகப் போடுபவர்கள் கைக்கு எட்டிய எதிலாவது அந்தக் கொக்கியை மாட்டிவிடுவார்கள். கைக்கு எட்டுவது பெரும்பாலும் இரண்டு பூட்டுகளையும் இணைக்கும் அந்தக் கம்பிதான். அப்புறம் லிவரைத் தூக்கும்போதெல்லாம் உறையையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். சில மாதம் தாங்கும், பிறகு கம்பி ஒரு பக்கம் கழன்று தொங்கும். கொக்கியை எடுத்து அசையாத அடிச்சட்டத்தில் மாட்டுங்கள். லிவர் உடனே லேசாகிவிட்டால் வேலை முடிந்தது.

உறை தைப்பவள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாய்மானத்தின் ஓரத்தில் ஏர்பேக் என்று சின்னத் துணி முத்திரை தைத்திருந்தால், அந்தப் பக்கம் முழுக்க மூடிய உறை போடவே கூடாது. விபத்தில் பை அந்த ஓரத் தையலைப் பிளந்துகொண்டுதான் வெளியே வர வேண்டும். அதற்கென்று விடும் தையல் வேறு, நூல் வேறு. பக்கம் திறந்த உறையாகப் பார்த்து வாங்குங்கள்.

லிவர் சும்மா சுற்றும் வகை என்றால் பக்க மூடியைத் திறக்க வேண்டும். லிவரின் மேல் ஒரு சின்ன மூடி இருக்கும், அதை நெம்பினால் உள்ளே ஸ்க்ரூ. ஸ்க்ரூ தெரியவில்லை, வட்டமான திருகுபிடி என்றால் பின்னால் ஒரு கம்பிக் கிளிப் இருக்கலாம். பழைய காடிகளில் கண்ணாடி இறக்கும் கைப்பிடியைக் கழற்றும் அதே வழிதான்: மெல்லிய துணியைத் திருகுபிடிக்கும் பக்க மூடிக்கும் நடுவே நுழைத்து இடமும் வலமும் இழுத்தால் கிளிப் துணியில் மாட்டி வெளியே வரும். எங்கே தெறித்து விழுகிறது என்று கவனியுங்கள். பிறகு பக்க மூடியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். வெயிலில் நின்று நின்று இறுகிப்போன பிளாஸ்டிக், காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது எளிதில் விரிசல் விடும். கொஞ்சம் சூடேறிய பிறகு செய்யுங்கள்.

மூடி வந்ததும் லிவர் உட்காரும் தண்டு தெரியும். லாக்கிங் பிளையரால் அந்தத் தண்டைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். சாய்மானம் நகர்ந்தால் பூட்டு நல்ல நிலையில் இருக்கிறது, உங்களுக்குத் தேவை புது லிவர் மட்டும். மைவி, சாகா மாதிரி ரோட்டில் நிறைய ஓடும் காடிகளுக்கு லிவர் தனியாகவே கிடைக்கும். இடம் வலம் வேறு வேறு, பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய லிவரைப் பசை போட்டு ஒட்டுவதை நான் செய்வதில்லை. ஒட்டிய இடம் பாதியில் வழுக்கினால் பூட்டு அரைகுறையாக நிற்கும்.

தடுத்து நிற்கும் லிவருக்கு எல்லாரும் முதலில் எண்ணெய் அடிக்கிறார்கள். எது தடுக்கிறது என்று பார்த்துவிட்டு அடிக்க வேண்டும். கிராப் ஓட்டும் ஒரு தம்பியின் மைவி வந்தது. "அக்கா, ஒரு டின் முழுக்க அடிச்சிட்டேன், துரு போகவே மாட்டேங்குது" என்றார். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். துருவே இல்லை. பற்களுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் ஏதோ கெட்டியாக உறைந்து, மேலே எண்ணெய் மினுமினுத்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. முகர்ந்து பார்த்தால் தே தாரே, அதாவது டின்பால் போட்டு இழுத்து ஆற்றிய தேநீர் வாசம். தப்பாவ் (பார்சல்) பையைச் சீட் ஓரத்தில் செருகி வைத்து ஓட்டியிருக்கிறார், கசிந்து கசிந்து டின்பாலும் சீனியும் பல்லுக்குள் காய்ந்துவிட்டது. எண்ணெயில் சீனி கரையாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் வைத்து ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, மறுபடியும் அதையே செய்தேன். பழுப்பு நிறம் துணியில் இறங்குவது நிற்கும் வரை செய்ய வேண்டும். தண்ணீரை ஊற்றக் கூடாது. ஸ்பாஞ்சும் வயரும் நனையும். பிறகு காற்றாடி வைத்து நன்றாகக் காயவிட்டு, அதற்கப்புறம்தான் கிரீஸ். லிவர் புதுசு மாதிரி வந்தது.

உண்மையிலேயே துரு என்றால் செம்மண் நிறத்தில் பொடி உதிரும். நம் பக்கம் கடல் காற்று, ஈரமான பாய், மழையில் திறந்து விட்ட கண்ணாடி எல்லாமே துருவுக்கு வழி. டபிள்யூ டி 40 மாதிரி துரு இளக்கும் ஸ்ப்ரேயை, கூடவே வரும் மெல்லிய குழாயை மாட்டி, பல் கடிக்கும் இடத்திலும் தண்டு சுழலும் இடத்திலும் மட்டும் அடியுங்கள். பின்னால் பழைய துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட் நாடாவில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. சில மணி நேரம் ஊறவிட்டு, லிவரை மேலும் கீழும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். இளகியதும் அழுக்கு எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். அந்த ஸ்ப்ரே துருவை இளக்கத்தான், நீண்ட நாளைக்கு வழவழப்பைக் கொடுக்காது. கிரீஸ் போடாமல் விட்டால் சில வாரத்தில் பழைய கதைதான்.

சீட் தண்டவாளத்தின் போல்ட் தலையெல்லாம் துரு, பாய்க்கு அடியில் காய்ந்த சேறு, அதுவும் நீங்கள் சமீபத்தில் கைமாற்றி வாங்கிய காடி என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். 2017 நவம்பரில் பினாங்கில் வந்த வெள்ளத்தையும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வந்த வெள்ளத்தையும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படித் தண்ணீருக்குள் நின்ற காடிகள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வருவதுண்டு. மேலே எவ்வளவு பளபளப்பாக்கினாலும் சீட்டின் அடி காட்டிக்கொடுத்துவிடும். அந்த நிலையில் சாய்மானத்துக்குக் கிரீஸ் போடுவதோடு விடாமல், சீட்டுக்கு அடியில் போகும் வயர்களையும் பெல்ட்டையும் ஒரு நல்ல பட்டறையில் காட்டுங்கள்.

மேலே சொன்னதெல்லாம் சீட்டை இறக்காமலே செய்யக்கூடியவை. கேபிள் மறுபக்கம் கழன்றிருந்தாலோ, ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்ட வேண்டியிருந்தாலோ இறக்கத்தான் வேண்டும். இங்கே ஒரு விஷயத்தில் யாருக்கும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட்டை இறுக்கும் வெடிப்பொறியின் வயர். சாவியை அணைத்து, 10 அளவு ஸ்பானரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பிறகு காத்திருங்கள். எவ்வளவு நேரம் என்பது காடிக்குக் காடி மாறும், கையேட்டில் போட்டிருக்கும். நான் 10 நிமிடம் விட்டுவிடுவேன். அதற்கப்புறம்தான் மஞ்சள் கனெக்டரைத் தொடலாம். அது கழன்றிருக்கும்போது பேட்டரியை மாட்டிச் சாவியைப் போடக் கூடாது. போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பல காடிகளில் கருவி வைத்துத்தான் அழிக்க வேண்டியிருக்கும்.

சீட்டை நான்கு போல்ட் பிடித்திருக்கும். ஜப்பானிய, மலேசியக் காடிகளில் பெரும்பாலும் 14 அளவு சாக்கெட் போதும். பல ஐரோப்பியக் காடிகளில் நட்சத்திர வடிவத் தலை இருக்கும், அதற்கான பிட் இல்லாமல் முயன்றால் தலை வழுக்கிப்போகும். சீட்டை முன்னால் தள்ளிப் பின் இரண்டையும், பின்னால் தள்ளி முன் இரண்டையும் கழற்றுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டால் மின்சார சீட் நகராது, அதனால் அந்த வகையில் நான்கு போல்ட்டையும் இளக்கி வைத்த பிறகே பேட்டரிக்குப் போங்கள். சீட் கனமானது. கதவு ஓரத்தில் போர்வை போட்டு இரண்டு பேராக இறக்குங்கள். பூட்டுக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது, எந்த ஓட்டையில் நுழைகிறது என்று கைப்பேசியில் படம் எடுத்த பிறகு கையை வையுங்கள். கேபிளின் முனையில் இருக்கும் உலோகக் குமிழ் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். லிவரை அசைத்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறக்கிறதா பாருங்கள். ஒன்று முந்தினால் கேபிள் இழுவை சரியில்லை. ஸ்பிரிங்கை மாட்டும்போது சாய்மானத்தை முழுக்க முன்னால் மடித்துவிடுங்கள். அப்போதுதான் அதன் இழுவை குறைவாக இருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சார சீட் என்றால் சுவிட்சை அழுத்தி காது கொடுங்கள். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், பிறகு அடியில் இருக்கும் கனெக்டர். மோட்டார் சுழலும் சத்தம் வந்தும் சீட் நகரவில்லையென்றால் உள்ளே பற்சக்கரம் போயிருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

இப்போது அந்தக் கடைசி வகை. சாய்மானம் பிடித்து நிற்கவில்லை, அல்லது பிடித்தது போல் இருந்து அழுத்தினால் ஒரு பல் வழுக்குகிறது. அந்த வட்டத் தட்டைப் பிரிக்காதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். சாய்மானம் முழு இரும்பாக ஒரே இடத்தில் நிற்கும்படி வெல்டிங் வைத்துத் தந்த சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். பின்னாலிருந்து ஒரு லோரி மோதினால் உங்கள் முதுகையும் தலையையும் தாங்க வேண்டியது அந்தப் பூட்டுதான். முன்னால் மோதினால், சாய்ந்து கிடக்கும் சீட்டில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும், இடுப்பில் இருக்க வேண்டிய நாடா வயிற்றை அறுக்கும். ஓட்டுநர் சீட் இப்படி ஆனால் காடியை எடுக்காதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். பக்கத்து சீட் என்றால் சரிசெய்யும் வரை அதில் யாரையும் உட்காரவைக்காதீர்கள், கொஞ்ச தூரத்துக்கும்கூட.

புதுப் பூட்டு விலை அதிகமாகத் தெரிந்தால் பழைய காடிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடையில் முழுச் சீட்டாகவே தேடலாம். உங்கள் காடியின் அதே மாடல், அதே பக்கம் என்று பாருங்கள். கடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு நிலையிலும் சாய்த்து, முதுகால் பலமாக அழுத்திப் பாருங்கள். கடை முதலாளி தவுக்கே கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஓரத்து ஏர்பேக் தையல் பிரிந்திருந்தால், தண்டவாளம் வளைந்திருந்தால், மலிவு என்றாலும் விட்டுவிடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது நான்கு போல்ட்டையும் முதலில் கையால் சில சுற்று ஏற்றிவிட்டு, அப்புறம் ஸ்பானரை எடுங்கள். ஒன்றை முதலிலேயே இறுக்கிவிட்டால் மற்றது ஓட்டையில் நேராக உட்காராது, மறை அழிந்துவிடும். இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானர் இருந்தால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். இல்லையென்றால் பட்டறைக்குப் போகும்போது இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் கனெக்டர் டக்கென்று பூட்டியதா பார்த்துவிட்டுப் பேட்டரியை மாட்டுங்கள். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையவில்லையென்றால் அன்றே பட்டறை.

பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுச் சீட்டில் உட்காருங்கள். சாய்மானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, ஒவ்வொரு நிலையிலும் லிவரை விட்டு, அது தானாக முழுக்கக் கீழே இறங்குகிறதா பார்த்து, காலை ஊன்றி முதுகால் ஓங்கித் தள்ளுங்கள். இடது தோளால் ஒரு முறை, வலது தோளால் ஒரு முறை. உங்களைவிட கனமானவர் வீட்டில் இருந்தால் அவரையும் உட்காரச் சொல்லுங்கள். எந்த இடத்திலும் வழுக்காமல் நின்றால் பக்க மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கிவிடலாம்.